உலோகம் இறங்கும் இடம்

நீரிலிருந்து உலோகம் – தொடர், பகுதி 9

ஒரு பங்கு செம்புக்கு இரண்டேகால் பங்கு இரும்பு. சீனத்தை சோங் மரபினர் ஆண்ட காலத்துக் கணக்கு இது. அந்த மரபின் அதிகாரபூர்வ வரலாற்றில், நாட்டின் பொருள் வளத்தைப் பேசும் பகுதியில் பதிவாகியிருக்கிறது. மலையடிவாரத்தில் செம்பு கரைந்த கசப்பு நீர் ஊற்றெடுத்தது. அதைத் தொட்டிகளில் தேக்கினார்கள். வார்ப்பிரும்பை மெல்லிய தகடுகளாகத் தட்டி உள்ளே வரிசையாக அடுக்கிச் சில நாள் ஊறவிட்டார்கள். தகட்டின் மேல் செந்நிறப் பொடி படர்ந்தது. அதைச் சுரண்டி உலையிலிட்டு மூன்று முறை உருக்கினால் செம்பு கிடைத்தது. இன்றைய ஜியாங்ஷி மாகாணத்தில் உள்ள தெஷிங் என்ற ஊரின் சாங் சியென், 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த முறைக்கென்று தனி நூலே எழுதினார். அதே தெஷிங்கில் இன்றும் சீனத்தின் மிகப் பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒன்று இயங்குகிறது.

இந்தக் கணக்கில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. ஓர் இரும்பணு கரைசலுக்குள் போனால் ஒரு செம்பணு வெளியே வரவேண்டும். இரும்பின் அணு எடை 55.8, செம்பினுடையது 63.5. அப்படியானால் ஒரு கிலோ செம்புக்கு 0.88 கிலோ இரும்பே போதும். சோங் காலத்துத் தொழிலாளிகள் அதைப்போல இரண்டரை மடங்கு செலவழித்திருக்கிறார்கள். அவர்கள் கைத்திறனில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து ஸ்பெயினின் ரியோ டின்டோவிலும் பழைய இரும்பைக் கால்வாய்களில் போட்டுச் செம்பு இறக்கினார்கள். அங்கும் கணக்குக்கு மேல் இரும்பு தின்னப்பட்டது. மீதி இரும்பு எங்கே போயிற்று என்று விடை சொல்ல அப்போது யாரிடமும் கருவி இல்லை.

தங்கத்திலும் இதே நிலைதான். கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887ல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை தென்னாப்பிரிக்காவுக்கும், பிறகு நம் கோலார் தங்கவயலுக்கும் போன கதையைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். சயனைடில் கரைந்த தங்கத்தைத் துத்தநாகச் சீவலின் மேல் இறக்கினார்கள். ஒரு நாள் நன்றாக இறங்கும். மறுநாள் துத்தநாகம் கரைந்துபோகும், தங்கம் கரைசலிலேயே நிற்கும். கரைசலில் கலந்திருக்கும் காற்றை வெற்றிடத்தால் உறிஞ்சிவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று தாமஸ் குரோ கண்டுபிடித்தது 1916 வாக்கில். சயனைடு முறை பிறந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தப் பகுதியின் நாயகன் ஒரு தாள். கிடையாக ஓர் அச்சு, செங்குத்தாக ஓர் அச்சு, நடுவே சில கோடுகள். சோங் தொட்டியின் புதிருக்கும் குரோவின் காற்றுக்கும் அதில் விடை இருக்கிறது.

இரண்டு அளவுகள், ஒரு தாள்

இரண்டு அச்சுகளும் தனித்தனியாகப் பிறந்தவை. ஒரு உலோகத்தை அதன் உப்புக் கரைசலில் நிறுத்தினால் எழும் மின்னழுத்தம் கரைசலின் செறிவைப் பொறுத்து எப்படி மாறும் என்ற சமன்பாட்டை ஜெர்மனியின் வால்டர் நெர்ன்ஸ்ட் 1889ல் தந்தார். கரைசல் எவ்வளவு அமிலம் என்பதை ஒற்றை எண்ணில் சொல்லும் பி.எச். அளவை 1909ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் உருவாக்கினார். ஒன்று மின்வேதியியலாரின் சொத்து. மற்றது பீர் ஆலையின் ஆய்வகத்தில் பிறந்து உயிர்வேதியியலாரிடம் வளர்ந்தது. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. 1920களில் அமெரிக்காவில் மேன்ஸ்ஃபீல்ட் கிளார்க் கரிமச் சாயங்களுக்கு அப்படி வரைந்தார். உலோகங்களுக்கு, அதுவும் எல்லா உலோகங்களுக்கும் வரைய வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் மார்செல் பூர்பே. பெல்ஜியத்தவர், பிறந்தது ரஷ்யாவில், மிஷெகா என்ற ஊரில், 1904ல். தந்தை பொறியாளர், வேலை நிமித்தம் அங்கே இருந்தார். பூர்பே பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் படித்து 1927ல் பொறியாளரானார். அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வி துருவைப் பற்றியது: ஒரே இரும்பு ஒரு நீரில் கரைகிறது, இன்னொரு நீரில் துருவேறுகிறது, வேறொன்றில் பளபளப்பாகவே நிற்கிறது, ஏன்? ஒவ்வொரு வினைக்கும் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் மின்னழுத்தம், பி.எச். என்ற இரண்டே அச்சுகளில் கோடுகளாக வரைந்தபோது, கோடுகள் ஒன்றையொன்று வெட்டித் தாளைப் பகுதிகளாகப் பிரித்தன. ஒவ்வொரு பகுதியிலும் உலோகத்தின் ஒரு வடிவமே நிலைத்திருக்க முடியும்.

1940 மே மாதம் ஜெர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. ஆக்கிரமிப்பாளர்களின் தலையீட்டை ஏற்க மறுத்து 1941 நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகம் தன் கதவுகளை மூடிக்கொண்டது. பூர்பேயின் ஆய்வேடு வெளிச்சத்துக்கு வந்தது 1945ல், அண்டை நாடான நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில். பிரெஞ்சில் எழுதப்பட்ட அந்த ஏட்டை கேம்பிரிட்ஜின் யூலிக் எவன்ஸ் கண்டுகொண்டார். அரிமான ஆய்வில் அன்றைய மூத்தவர் அவர். ஏகார் மொழிபெயர்க்க, எவன்ஸ் முன்னுரை எழுத, 1949ல் லண்டனில் ஆங்கில நூல் வெளிவந்தது. தனக்குப் போட்டியாக வரக்கூடிய ஓர் இளையவரின் வேலையை மூத்தவர் ஒருவர் தோளில் சுமந்து ஊரறியச் செய்தது அறிவியலில் அடிக்கடி நடப்பதில்லை. அதனாலேயே எவன்ஸ் பெயரை இங்கே சொல்ல விரும்பினேன்.

தாளைப் படிப்பது

கிடை அச்சு பி.எச். இடப்பக்கம் அமிலம், வலப்பக்கம் காரம். செங்குத்து அச்சு மின்னழுத்தம், வோல்ட் கணக்கில். மேலே போகப் போக எலக்ட்ரானைப் பறிக்கும் சூழல், அதாவது ஆக்சிஜனேற்றம். கீழே இறங்க இறங்க எலக்ட்ரானைக் கொடுக்கும் சூழல், அதாவது ஒடுக்கம்.

செம்பின் தாளை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் மேலே செம்பு அயனியாகக் கரைந்திருக்கும். வலப்பக்கம் போனால் ஆக்சைடாகத் திடமாகும். கீழே போனால் உலோகமாகும். அயனிக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள கோடு 0.34 வோல்ட் உயரத்தில் கிடையாக ஓடுகிறது. அங்கே எலக்ட்ரான் மட்டுமே கைமாறுகிறது, அமிலத்துக்கு வேலையில்லை. அயனிக்கும் ஆக்சைடுக்கும் இடையே உள்ள கோடு செங்குத்து. அங்கே அமிலம் மட்டுமே பேசுகிறது. ஆக்சைடுக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள கோடு சாய்வானது. இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒரு எலக்ட்ரானுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனி என்ற கணக்கில் நடக்கும் வினையானால், 25 டிகிரி செல்சியஸில் பி.எச். ஒன்று கூடும்போதெல்லாம் கோடு 59 மில்லிவோல்ட் இறங்கும்.

ஆகவே கரைசலிலிருந்து செம்பை இறக்க இரண்டு திசைகள் உண்டு. கீழ்நோக்கிப் போகலாம்: இரும்பு, ஹைட்ரஜன் வாயு, மின்சாரம், எதுவானாலும் சரி. வலப்பக்கம் போகலாம்: சுண்ணாம்பு போட்டு ஹைட்ராக்சைடாக வீழ்படிய வைக்கலாம். சல்ஃபைடு, அமோனியா, சயனைடு போன்ற வேறொரு பொருளைக் கலந்தால் கோடுகளே இடம் மாறிப் புதிய தாள் கிடைக்கும். வீழ்படிவுத் தொழில் முழுவதும் இவற்றுக்குள் அடங்கிவிடுகிறது.

எல்லாத் தாள்களிலும் இரண்டு சாய்கோடுகள் பொதுவாக இருக்கும், 1.23 வோல்ட் இடைவெளியில். அவை நீரின் எல்லைகள். மேற்கோட்டுக்கு மேலே நீர் ஆக்சிஜனாகச் சிதையும், கீழ்க்கோட்டுக்குக் கீழே ஹைட்ரஜனாகச் சிதையும். காற்றுப்படும் நீர் மேற்கோட்டை நோக்கி இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது சோங் தொட்டிக்குத் திரும்பலாம். இரும்பு கரையும் கோடு -0.44 வோல்ட்டில் இருக்கிறது. செம்பின் கோட்டுக்கும் அதற்கும் 0.78 வோல்ட் இடைவெளி; செம்பு இறங்கியே தீரும். ஆனால் இரும்பிடமிருந்து எலக்ட்ரான் வாங்கக் காத்திருப்பது செம்பு மட்டும் இல்லை. ஊற்று நீரில் மூவிணை இரும்பு அயனி (மூன்று எலக்ட்ரான் இழந்தது) இருந்தால் அதன் கோடு 0.77 வோல்ட்டில், செம்புக்கும் மேலே நிற்கிறது. அத்தகைய இரண்டு அயனிகள் சேர்ந்து ஓர் இரும்பணுவைத் தின்றுவிடும், செம்பு கடுகளவும் கிடைக்காது. திறந்த தொட்டியில் காற்றின் ஆக்சிஜன் அதற்கும் மேலே இருந்துகொண்டு, ஒடுங்கி ஈரிணையான இரும்பு அயனியை மறுபடி மூவிணையாக ஏற்றிவிடும். கீழே பார்த்தால், அமில நீரில் ஹைட்ரஜனின் கோடும் இரும்பின் கோட்டுக்கு மேலேதான். அமிலமும் தன் பங்குக்கு இரும்பைக் கரைத்து ஹைட்ரஜன் குமிழாகப் போகும். அமிலத்தைக் குறைத்துவிடலாம் என்று வலப்பக்கம் நகர்ந்தால் இரும்பு ஹைட்ராக்சைடு செம்புப் பொடியோடு கலந்து வீழ்படியும். இரண்டேகால் பங்கில் பெரும்பகுதி போன வழி இதுதான். குரோ காற்றை உறிஞ்சியதன் பொருளும் இதுவே: துத்தநாகத்திடம் தங்கத்தோடு போட்டியிட்ட ஆக்சிஜனை அவர் வெளியேற்றினார்.

பூர்பே தன் தாள்களில் மூன்று பகுதிகளுக்குப் பெயர் வைத்தார். உலோகம் உலோகமாகவே நிற்கும் இடம் காப்புப் பகுதி. அயனியாகக் கரையும் இடம் அரிமானப் பகுதி. ஆக்சைடோ ஹைட்ராக்சைடோ மேலே படலமாகப் படியும் இடம் மந்தப் பகுதி. பாலம் கட்டுகிறவரும் குழாய் பதிக்கிறவரும் அரிமானப் பகுதியைக் கண்டு அஞ்சுவார்கள். தாதுவிலிருந்து உலோகம் எடுப்பவருக்கோ அதுதான் முதலில் போய்ச் சேரவேண்டிய இடம். தாது அங்கேதான் கரையும். பிறகு காப்புப் பகுதிக்கு இறக்கினால் உலோகம், மந்தப் பகுதிக்குத் தள்ளினால் ஹைட்ராக்சைடு. துருவைத் தடுக்க வரையப்பட்ட தாளைத் தலைகீழ் வரிசையில் படித்தால் உலோகம் எடுக்கும் வழி தெரிந்துவிடுகிறது. இந்தத் தொடரை எழுதத் தொடங்கியபோதே இந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பூர்பேயின் பிற்காலப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1951ல் பெல்ஜிய அரிமான ஆய்வு மையத்தை நிறுவினார். மின்னழுத்தத்தின் கூட்டல், கழித்தல் குறிகளை அமெரிக்கர்கள் ஒரு விதமாகவும் ஐரோப்பியர்கள் நேர்மாறாகவும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1953ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்த அறிக்கையை டென்மார்க்கின் கிறிஸ்டியன்சனும் பூர்பேயும் சேர்ந்து அளித்தார்கள். 1963ல் தனிமங்களின் தாள்களெல்லாம் தொகுக்கப்பட்டுப் பாரிஸில் பெருநூலாக வந்தன. ஆங்கிலப் பதிப்பு 1966. அதன் பிறகு உலோகவியல் ஆய்வகங்களில் அந்த நூல் இல்லாத அலமாரி அரிது.

ஹைட்ரஜனால் நிக்கல்

தாளின் வலிமையைக் காட்ட ஓர் ஆலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கனடாவின் ஃபோர்ட் சஸ்காச்சுவானைத்தான் சொல்வேன்.

மனிடோபா மாகாணத்தின் வடக்கே லின் லேக் என்ற இடத்தில் 1941ல் நிக்கல் தாது கண்டுபிடிக்கப்பட்டது. ஷெரிட் கோர்டன் நிறுவனத்தின் பழைய சுரங்க ஊரான ஷெரிடன் அப்போது வற்றிக்கொண்டிருந்தது. அந்த ஊரின் வீடுகளையும் மற்றக் கட்டடங்களையும் பனிக்காலத்தில் சறுக்குவண்டிகளில் ஏற்றி, உறைந்த ஏரிகளின் மேல் டிராக்டரால் இழுத்துக்கொண்டுபோய்ப் புதிய இடத்தில் ஊரை அமைத்தார்கள். ஆனால் தாதுவை உருக்கிச் சுத்திகரிக்கச் சொந்த உலை இல்லை. உலை கட்டாமலே நிக்கல் எடுக்க முடியுமா என்று தேடியபோது, வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஃபிராங்க் ஃபார்வர்ட் ஒரு வழி காட்டினார். அழுத்தக் கலனில் காற்றும் அமோனியாவும் கொண்டு தாதுவை நேரே கரைப்பது; பிறகு கரைசலிலிருந்து நிக்கலை ஹைட்ரஜன் வாயுவால் இறக்குவது.

ஹைட்ரஜனால் உலோகத்தை இறக்கலாம் என்பது பழைய செய்தி. 1859லேயே நிக்கோலாய் பெக்கெட்டோவ் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி வெள்ளியையும் பாதரசத்தையும் இறக்கிக் காட்டினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் இபாட்டியேவ் இன்னும் பல உலோகங்களோடு முயன்றார். வெள்ளியும் செம்பும் ஹைட்ரஜன் கோட்டுக்கு மேலே இருப்பவை, எளிதில் இறங்கிவிடும். நிக்கலின் கோடு -0.25 வோல்ட்டில், ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது. வலுவான அமிலத்தில் ஹைட்ரஜனை எவ்வளவு ஊதினாலும் நிக்கல் அசையாது.

தாளைப் பார்த்தால் வழி தெரியும். நிக்கலின் கோடு கிடையாக ஓடுகிறது. ஹைட்ரஜனின் கோடோ வலப்பக்கம் சரிந்துகொண்டே போகிறது. பி.எச். 4.3 அருகே இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. அதைத் தாண்டினால் ஹைட்ரஜன் கீழே, நிக்கல் மேலே, இப்போது இறங்கும். ஆனால் நிக்கல் குறையக் குறைய அதன் கோடும் தாழ்ந்துகொண்டே போகும், செறிவு பத்தில் ஒன்றாகும் ஒவ்வொரு முறையும் 30 மில்லிவோல்ட் வீதம். கடைசித் துளிவரை எடுக்க வேண்டுமானால் பி.எச். 7ஐ எட்ட வேண்டும். அமிலத்தைத் தொடாமல் வாயுவின் அழுத்தத்தை உயர்த்தினால் போதாதா? கணக்கு இரக்கமில்லாமல் பதில் சொல்கிறது: அழுத்தத்தை நூறு மடங்காக்கினால் கிடைக்கும் பலன், பி.எச். அளவை ஒன்று உயர்த்தினால் கிடைக்கும் பலனுக்குச் சமம். தடித்த எஃகுக் கலன் செய்வதை ஒரு வாளி அமோனியா செய்துவிடுகிறது.

அமோனியா இங்கே இரண்டு வேலை செய்கிறது. பி.எச். 7ல் நிக்கல் சாதாரணமாக ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். அமோனியா நிக்கலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கரைசலில் நிறுத்துகிறது. இரண்டாவது வேலை நுட்பமானது. ஒரு நிக்கல் அணு இறங்கும்போது ஹைட்ரஜன் வாயுவிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் பிறக்கின்றன, அதாவது கரைசல் அமிலமாகிறது. கவனிக்காமல் விட்டால் வினை தன்னைத்தானே இடப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றுவிடும். ஒரு நிக்கலுக்கு இரண்டு அமோனியா இருந்தால் பிறக்கும் அமிலத்தை அது சரியாக விழுங்கிவிடும். அமோனியா மிகுந்தால் பிடி இறுகி நிக்கல் கீழே இறங்கத் தயங்கும். ஆகவே ஆலையில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை ஒட்டியே நிறுத்தினார்கள். நான் மேலே சொன்ன எண்கள் 25 டிகிரிக்கு உரியவை. ஆலை சுமார் 200 டிகிரியிலும், வளிமண்டலத்தைப்போல முப்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் ஓடியது. எண்கள் மாறினாலும் கோடுகள் சொல்லும் கதை அதுவே.

ஆலை 1954ல் திறக்கப்பட்டது. அமோனியாவுக்கும் ஹைட்ரஜனுக்கும் மூலமான இயற்கை எரிவாயு ஆல்பர்ட்டாவில் தாராளமாகக் கிடைத்ததால்தான் ஃபோர்ட் சஸ்காச்சுவான் தேர்ந்தெடுக்கப்பட்டது. உலோகங்கள் எல்லாம் இறங்கிய பின் மிஞ்சிய அம்மோனியம் சல்ஃபேட் உரமாக வயலுக்குப் போயிற்று. நிக்கலும் கோபால்ட்டும் தாளில் மிக அருகருகே இருப்பவை. இருந்தும் நிக்கல் முதலில் இறங்கி, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் மிஞ்சும் கட்டத்தில் வினையை நிறுத்தினால் கோபால்ட் பெரும்பாலும் கரைசலிலேயே நின்றது. அந்த மிச்சத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடால் தனியே வீழ்படிய வைத்தார்கள்.

இந்த ஆலையைப் பூர்பேயின் தாள் கட்டியது என்று நான் சொல்ல மாட்டேன். ஃபார்வர்டும், ஷெரிட் ஆய்வகத்தை நடத்திய, உக்ரைனில் பிறந்த விளாதிமிர் மக்கீவும் கலன்களோடு போராடித்தான் இந்த நிலைமைகளை அடைந்தார்கள். தாளும் ஆலையும் ஒரே பத்தாண்டில் வெவ்வேறு கண்டங்களில் முதிர்ந்தன. அடுத்த தலைமுறை மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். நீர்வழி உலோகவியல் கைப்பக்குவம் என்ற நிலையிலிருந்து கணக்கிடக்கூடிய தொழிலாக மாறியது அவர்கள் கையில்தான்.

தாள் பேசாத இடம்

தாள் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எது முடியும், எது முடியாது என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும். எவ்வளவு விரைவில் என்று கேட்டால் மௌனம். ஷெரிட் கலனிலேயே இது தெரிந்தது: ஹைட்ரஜன் வினைபுரிய ஒரு திடப் பரப்பு வேண்டும். முதலில் நுண்ணிய நிக்கல் விதைப்பொடி இறக்கி, கரைசலை வடித்து, புதிய கரைசல் நிரப்பி, அந்தப் பொடியின் மேலேயே திரும்பத் திரும்பப் படியவிட்டார்கள்.

துத்தநாக ஆலையில் இந்த மௌனம் ஒரே நேரத்தில் வரமாகவும் சாபமாகவும் இருக்கிறது. துத்தநாகத்தின் கோடு -0.76 வோல்ட், நீரின் கீழ் எல்லைக்கு வெகு கீழே. தாளை அப்படியே நம்பினால் அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் துத்தநாகம் எடுக்கவே முடியாது, ஹைட்ரஜன்தான் வரவேண்டும். தூய துத்தநாகப் பரப்பில் ஹைட்ரஜன் பிறப்பது மிக மெதுவாக நடப்பதால் மட்டுமே உலகின் துத்தநாகத்தில் பெரும்பகுதி மின்பகுப்பில் கிடைக்கிறது. ஆண்டிமனியோ ஜெர்மானியமோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மிகக் குறைவாகக் கலந்துவிட்டால்கூட அந்தத் தயக்கம் உடைந்து, படிந்த துத்தநாகம் மறுபடி கரையத் தொடங்கும். ஆகவே மின்பகுப்புக்கு முன் துத்தநாகத் தூளைத் தூவி எல்லா மாசுகளையும் இறக்குகிறார்கள். செம்பும் காட்மியமும் சொன்னபடி இறங்கும். கோபால்ட் இறங்காது. தாளில் கோபால்ட்டுக்கும் துத்தநாகத்துக்கும் அரை வோல்ட் இடைவெளி, தாராளமாகப் போதும். நடைமுறையில் கரைசலைச் சுடவைத்து, ஆர்சனிக் ஆக்சைடோ ஆண்டிமனியோ துணைக்குச் சேர்த்தால்தான் அசையும்.

நிலத்தடியில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் தாளை மிக ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டவர்களில் புவிவேதியியலாரும் உண்டு. கொலராடோ பீடபூமியின் யுரேனியத் தாதுக்களை ஆராய்ந்த ராபர்ட் கேரல்ஸ் 1950களிலேயே இந்தத் தாள்களைப் பாறைகளுக்குப் பயன்படுத்தினார். ஆக்சிஜன் மிகுந்த நீரில் கரைந்து வரும் யுரேனியம், மக்கிய தாவரப் பொருள் உள்ள மணற்கல்லை அடைந்ததும் மின்னழுத்தம் சரிந்து வீழ்படிகிறது. மனிதர் கலனில் செய்வதை நிலம் தானே செய்திருக்கிறது.

இரும்பை எங்கே இறக்குவது

துத்தநாகத் தாதுவில் இரும்பு எப்போதும் உண்டு. வறுக்கும்போது அது துத்தநாகத்தோடு கூடி ஃபெரைட் ஆகிவிடும். மென்மையான அமிலத்தில் கரையாது. 1960கள் வரை ஆலைகள் அந்தக் கசடை, அதில் ஐந்தில் ஒரு பங்கு துத்தநாகம் இருந்தும், முற்றத்தில் குவித்துவைத்தன. சூடான கடும் அமிலத்தில் ஃபெரைட் கரையும்தான். கூடவே இரும்பும் லிட்டருக்கு இருபது, முப்பது கிராம் கரையும். அமிலத்தைக் குறைத்தால் இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்படியும், தாளும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது கேழ்வரகுக் கூழ்போல வடிகட்டித் துணியை அடைத்துக்கொண்டு, விலைமிக்க கரைசலைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும்.

1960களின் நடுவில் ஸ்பெயினின் ஆஸ்டூரியானா, நார்வேயின் துத்தநாக நிறுவனம், ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவின் ரிஸ்டன் ஆலையை நடத்திய நிறுவனம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே விடைக்கு வந்தன. பி.எச். 1.5 அளவில், 95 டிகிரி சூட்டில், சோடியமோ அம்மோனியமோ சேர்த்தால் இரும்பு ஜாரோசைட் என்ற மஞ்சள் படிகமாக இறங்குகிறது. எளிதில் வடியும். துத்தநாக மீட்பு 90 சதவீதத்துக்கும் கீழிருந்து 95 சதவீதத்துக்கும் மேலே போயிற்று. இந்தக் கனிமத்துக்குப் பெயர் தந்த ஹரோசோ ஓடை ஸ்பெயினில்தான் இருக்கிறது.

என் பார்வையில் இன்னும் அழகானது பெல்ஜியத்தின் பாலன் ஆலையில் வியே மொந்தான் நிறுவனம் கண்ட கீதைட் முறை. பூர்பேயின் தாளில் பென்சிலால் வழி வரைந்ததுபோல அது நடக்கிறது. தொடக்கத்தில் கரைசல் இடப்பக்கம் மேலே, மூவிணை இரும்புப் பகுதியில் நிற்கிறது. நேரே வலப்பக்கம் போனால் அதே கூழ்தான். ஆகவே முதலில் வறுக்காத துத்தநாக சல்ஃபைடைப் போட்டுக் கீழே இறக்குகிறார்கள். இரும்பு முழுவதும் ஈரிணையாகிறது. ஈரிணை இரும்பின் பகுதி வலப்பக்கம் நெடுந்தூரம் விரிந்திருப்பதால் இப்போது பயமில்லாமல் பி.எச். 3 வரை நகரலாம். அங்கே நின்று காற்றை மெல்ல ஊதுகிறார்கள். கரைசல் மேல்நோக்கி ஏற, சிறிது சிறிதாக மூவிணையாகும் இரும்பு உடனுக்குடன் கீதைட் படிகமாகிவிடுகிறது. எந்த நேரத்திலும் கரைசலில் மூவிணை இரும்பு லிட்டருக்கு ஒரு கிராமைத் தாண்டாது; கூழாக வழியே இல்லை. ஜப்பானின் ஈஜிமா ஆலை 200 டிகிரி அழுத்தக் கலனில் இரும்பை ஹெமடைட்டாகவே இறக்கியது. அது செலவு மிகுந்த வழி. ஆனால் கிடைக்கும் பொருளைச் சிமென்ட் ஆலைகள் வாங்கிக்கொள்ளும்.

ஜாரோசைட்டை வாங்க ஆளில்லை. ஒரு டன் துத்தநாகத்துக்கு ஏறத்தாழ அரை டன் மிஞ்சுகிறது. அதில் ஈயமும் காட்மியமும் ஆர்சனிக்கும் எஞ்சியிருக்கின்றன. ரிஸ்டன் ஆலை 1990களின் பிற்பகுதி வரை அதைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டியது. மற்ற ஆலைகள் குளம் வெட்டித் தேக்கின. ஆலைக்குள் ஒவ்வொரு அடியையும் தாளில் பார்த்து வைத்தவர்கள், வெளியே போன கசடை அதே தாளில் வைத்துப் பார்க்கத் தாமதித்தது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. ஜாரோசைட் நிலைத்திருக்கும் பகுதி இடப்பக்கம் மேல்மூலையில் ஒரு சிறு துண்டு. மழைநீர் அமிலத்தைக் கழுவி பி.எச். உயர்ந்ததும் அது மெல்ல இரும்பு ஆக்சைடாகச் சிதையும். சிதையும்போது மறுபடி அமிலத்தையும், உள்ளே இருந்த உலோகங்களையும் விடும்.

கனடாவில் உருவான ஜாரோஃபிக்ஸ் முறை இந்தச் சிதைவைத் தானே முன்கூட்டி நடத்துகிறது. கசடோடு சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்து வலப்பக்கம் தள்ளினால், பிறக்கும் அமிலம் அங்கேயே அடங்கி, உலோகங்கள் கரையாத சேர்மங்களாகக் கட்டிக்குள் உறைகின்றன. ராஜஸ்தானில் சந்தேரியா துத்தநாக ஆலையில் இப்படிக் கிடைத்த பொருளைச் சாலைக் கரைகள் எழுப்பப் பயன்படுத்தலாமா என்று மத்திய சாலை ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்த்தது.

அடுத்த பகுதியில், வீழ்படிய வைக்காமலே செம்பை நீரிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கரைப்பான் பிரிப்பு முறையையும், 1968ல் அது அரிசோனாவில் முதன்முதலாக ஆலை அளவில் ஓடியதையும் பார்ப்போம்.